மெகா அப்டேட் வருது... நீங்க ரெடியா? ஆன்லைன் ஆர்.பி.ஜி கேமர்களுக்கு ஒரு கைடு!

கில்டு குரூப்ல ஒரு மாசமா ஒரே பேச்சு. புது கண்டம் வருதாம், புது கிளாஸ் வருதாம், லெவல் லிமிட் ஏறுதாம். டிரெய்லரைப் பத்துத் தடவை பார்த்தாச்சு. ஆறு மாசமா லாகின் பண்ணாத நண்பன்கூட 'மச்சி, நான் திரும்ப வர்றேன்'னு மெசேஜ் போடுறான். ஆன்லைன் மல்ட்டிபிளேயர் ரோல் பிளேயிங் கேம் விளையாடுறவங்களுக்கு இது தீபாவளிக்கு முந்தின வாரம் மாதிரி.

இந்தச் சந்தோஷத்துல யாரும் தலையிட முடியாது. ஆனா, இந்தச் சில வாரங்களில்தான் கேமர்கள் நேரம், பணம், தூக்கம், சில சமயம் அக்கவுன்ட் என எல்லாத்தையும் கோட்டை விடுறாங்க. பெரிய அப்டேட்னா உண்மையில் என்ன நடக்கும், அதுக்கு முன்னாடி எதை முடிக்கணும், எதைத் தள்ளிப்போடணும்? கடந்த 20 வருஷத்தில் பெரிய கேம்களில் நடந்ததை வெச்சே பார்த்துடலாம் வாங்க.

பேட்ச் வேற, எக்ஸ்பான்ஷன் வேற!

முதல்ல பேர் குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். பிழைகளைச் சரிசெய்ய அவசரமா வர்ற சின்னத் திருத்தம், ஹாட்ஃபிக்ஸ். சில வாரங்கள் அல்லது மாதங்களுக்கு ஒருமுறை புது ரெய்டு, புது குவெஸ்ட்டுகளோட வர்றது பேட்ச். புது நிலப்பரப்பு, புதுக் கதை, கூடுதல் லெவல் என ஏறக்குறைய ஒரு புது கேமே உள்ளே வந்து இறங்கினா அது எக்ஸ்பான்ஷன். பி.சி கேம்களில் இதுக்குத் தனியா காசு கட்டணும். மொபைல் கேம்களில் பெரும்பாலும் இலவசமா வரும்; காசு வேற வழியில் போகும். அதைப் பின்னாடி பார்ப்போம்.

உதாரணத்துக்கு, 2004 நவம்பரில் வெளியான 'வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்' கேமில் ஆரம்பத்தில் உச்ச லெவல் 60. 2007 ஜனவரியில் வந்த 'பர்னிங் க்ரூசேடு' அதை 70 ஆக்கியது. 2008 நவம்பரில் வந்த 'ராத் ஆஃப் தி லிச் கிங்' 80 ஆக்கியது. 'ஃபைனல் ஃபேன்டஸி 14' ஒவ்வொரு எக்ஸ்பான்ஷனுக்கும் சரியாக 10 லெவல் ஏற்றுகிறது. 2013-ல் 50 ஆக இருந்தது, 2024-ல் வந்த 'டான்டிரெய்ல்' எக்ஸ்பான்ஷனில் 100-ஐத் தொட்டது.

இதுல ஒரு காமெடியும் நடந்திருக்கு. ஏத்திக்கிட்டே போன வார்கிராஃப்ட்டில் லெவல் 120 வரை வந்துவிட்டது. புதுசா வர்றவங்க மலைச்சுப் போயிடுறாங்கனு, 2020-ல் 'ஷேடோலேண்ட்ஸ்' எக்ஸ்பான்ஷனுக்கு முன்னாடி வந்த பேட்ச்சில் எல்லாரையும் சுருக்கிட்டாங்க. முந்தின நாள் 120-வது லெவலில் கெத்தா இருந்தவர், மறுநாள் பார்த்தா 50!

கேமுக்கு வெளியே நிற்கிறவங்களுக்குப் புரியாத எண்கள்

'ஒரு கேம் அப்டேட்டுக்கு இவ்வளவு அலப்பறையா?'னு வீட்டில் கேட்டா இந்தக் கணக்கைச் சொல்லுங்க. 2010 டிசம்பர் 7-ம் தேதி வெளியான வார்கிராஃப்ட்டின் 'கேட்டக்ளிசம்' எக்ஸ்பான்ஷன், முதல் 24 மணி நேரத்தில் 33 லட்சம் பிரதிகள் விற்றதாக பிளிசார்ட் நிறுவனம் அறிவித்தது. 2020-ல் 'ஷேடோலேண்ட்ஸ்' முதல் நாளில் 37 லட்சத்தைத் தாண்டியது.

இந்தக் கூட்டம் ஒரே நேரத்தில், ஒரே உலகத்துக்குள், ஒரே வாசல் வழியா நுழையணும். சினிமாவில் முதல் நாள் முதல் காட்சியைத் தவறவிட்டா அடுத்த காட்சி அதே படம்தான். இங்கே அப்படி இல்லை. முதல் வாரத்தில் மார்க்கெட்டில் பொருள்களின் விலை வேற, கூட்டத்தோட சேர்ந்து புது பாஸைக் கண்டுபிடிச்சு அடிக்கிற அனுபவம் வேற. இரண்டு மாசம் கழிச்சுப் போனா எல்லாத்துக்கும் வீடியோ கைடு வந்திருக்கும். இந்த அவசரத்துக்கு அதுதான் காரணம்.

அப்டேட்டுக்கு முன்னாடியே ஆரம்பிக்கும் திருவிழா

பெரிய அப்டேட் திடீர்னு வராது. ரிலீஸுக்குச் சில வாரங்கள் முன்னாடி கேமுக்குள்ளேயே ஒரு முன்னோட்ட நிகழ்வு நடக்கும். இதைத் தவறவிடாதீங்க. ஏன்னா, பெரும்பாலும் அது திரும்ப வராது.

2006 ஜனவரியில் வார்கிராஃப்ட்டில் 'ஆன்கிராஜ்' என்ற இடத்தின் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. சாவி யார் கையிலும் இல்லை. ஒவ்வொரு சர்வரிலும் இருக்கிற மக்கள் எல்லாரும் சேர்ந்து உலோகக் கட்டிகள், மூலிகைகள், தோல், கட்டுத்துணிகள், சமைத்த உணவு எனப் போருக்கான பொருள்களைச் சேகரிச்சுக் கொடுக்கணும். அது முடிஞ்சதும், நீண்ட குவெஸ்ட் ஒன்றை முடித்து செங்கோல் பெற்ற வீரர், கதவுக்கு முன்னால் இருக்கும் காண்டாமணியை அடிக்கணும். அடிச்சதும் பத்து மணி நேரப் போர். கூட்டம் தாங்காம சர்வர்கள் விழுந்து எழுந்தன. இன்னைக்கும் பழைய வார்கிராஃப்ட் ஆட்கள் இதைப் பேசினா நேரம் போறதே தெரியாது.

2008 அக்டோபரில் நடந்தது இன்னும் வம்பு. 'லிச் கிங்' வர்றதுக்கு முன்னாடி ஊருக்குள் ஜாம்பி தொற்றைப் பரவவிட்டாங்க. தொற்று வந்தவங்க கொஞ்ச நேரத்தில் ஜாம்பியாகி மத்தவங்களைத் தாக்கலாம். நகரங்களில் கடைக்கார கதாபாத்திரங்கள்கூட மிஞ்சவில்லை. 'சூப்பர்'னு ஒரு கூட்டம் கொண்டாட, 'எங்களை விளையாட விடுங்கப்பா'னு இன்னொரு கூட்டம் கத்த, ஒரு வாரத்துக்குள் முடித்துவைத்தார்கள்.

இந்த மாதிரி நிகழ்வுகளில் கிடைக்கும் உடை, பட்டம், வாகனம் எல்லாம் பின்னாளில் 'நான் அப்போ அங்கே இருந்தேன்' என்பதற்கான அடையாளம். தினம் அரை மணி நேரம் ஒதுக்கினா போதும்.

உங்க பழைய உலகம் காணாமப்போகலாம்!

எல்லாரும் புதுசா என்ன வருதுனுதான் பார்ப்பாங்க. நீங்க முதல்ல பார்க்க வேண்டியது, எது போகப்போகுது என்பதை.

2010 நவம்பர் 23-ம் தேதி, கேட்டக்ளிசத்துக்கு இரண்டு வாரம் முன்னாடி வந்த பேட்ச்சில் டெத்விங் என்ற டிராகன் உலகத்தையே கிழிச்சுப் போட்டது. 'பேரன்ஸ்' சமவெளி இரண்டாகப் பிளந்தது. 'தௌசண்டு நீடில்ஸ்' பள்ளத்தாக்கு தண்ணீரில் மூழ்கியது. 'ஆபர்டைன்' ஊர் அழிந்தது. ஆறு வருஷமா லட்சக்கணக்கானவங்க முதன்முதலில் நடந்து பழகின பாதைகள் ஒரே நாளில் போயிடுச்சு. 'சுல்குரூப்' ரெய்டும் அந்தப் பேட்ச்சோட எடுக்கப்பட்டது. அதில் கிடைத்துவந்த புலி வாகனத்துக்காக வாரா வாரம் போய்க்கொண்டிருந்தவர்கள், கடைசி வாரம் எப்படி ஓடியிருப்பாங்கனு யோசிச்சுப் பாருங்க.

அந்தப் பழைய உலகத்துக்கான ஏக்கம் சும்மா போகவில்லை. ரசிகர்கள் வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2019 ஆகஸ்ட்டில் பழைய உலகத்தை அப்படியே மீட்டு 'வார்கிராஃப்ட் கிளாசிக்' என்ற பெயரில் பிளிசார்ட் வெளியிட்டது. ஆனா, அதுக்கு ஒன்பது வருஷம் ஆச்சு. எல்லா கேமுக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது.

ஃபைனல் ஃபேன்டஸி 14 இன்னும் ஒரு படி மேல. 2010 செப்டம்பர் 30-ல் வெளியான அதன் முதல் வடிவம் படுதோல்வி. அந்த டிசம்பரில் பொறுப்பேற்ற நவோகி யோஷிதா, இருக்கிறதை ஒட்டுப்போட்டுப் பயனில்லைனு முடிவு செய்தார். பழையதை நடத்திக்கொண்டே புதுசா ஒரு கேமை உருவாக்கினார்கள். வானத்தில் டாலமுட் என்ற சிவப்பு நிலா நாளுக்கு நாள் பெரிசாகிக்கொண்டே வந்தது. 2012 நவம்பர் 11-ம் தேதி, விளையாடிக்கொண்டிருந்தவர்கள் கண்முன்னே அது உலகத்தின் மேல் விழும் கதையோடு சர்வர்கள் அணைக்கப்பட்டன. அடுத்து உலகம் திறந்தது 2013 ஆகஸ்ட் 27-ல், 'எ ரெல்ம் ரீபார்ன்' என்ற பெயரில். தோல்வியையே கதையாக்கி எழுந்த கேம் அது.

அதனால, அப்டேட்டுக்கு முன்னாடி செய்ய வேண்டிய முதல் வேலை: அதிகாரபூர்வ பேட்ச் குறிப்புகளில் 'நீக்கப்படுபவை' பகுதியைப் படிங்க. பாதியில் நிற்கிற குவெஸ்ட், காலாவதியாகும் டோக்கன், போகப்போகும் பட்டம் எதுனு ஒரு பட்டியல் போடுங்க. அப்புறம் உங்களுக்குப் பிடித்த இடங்களுக்கு ஒருமுறை போய் கில்டு நண்பர்களோட ஸ்கிரீன்ஷாட் எடுத்துவெச்சுக்குங்க. இது விளையாட்டா சொல்லலை. இடமும் மாறும், ஆட்களும் மாறுவாங்க.

ரத்தம் சிந்திச் சேர்த்த ஆயுதம் என்ன ஆகும்?

கசப்பான உண்மை: பெரும்பாலும் மதிப்பிழக்கும். 'மோல்ட்டன் கோர்' ரெய்டில் 40 பேர் சேர்ந்து வாரக்கணக்கில் போராடிச் சேர்த்த கவசங்களை, பர்னிங் க்ரூசேடின் முதல் பகுதியில் சாதாரண குவெஸ்ட்டுக்குக் கொடுத்த பச்சை நிறப் பொருள்கள் ஓரங்கட்டின. காரணம் எளிமையானது. புதுசா வர்றவங்களும் பழையவங்களும் ஒரே கோட்டில் நின்று ஓட ஆரம்பிச்சாதான் புது எக்ஸ்பான்ஷன் உயிரோட இருக்கும்.

ஆகவே, கடைசி ஒரு மாசம் ஆயுதம் சேர்க்கிறதுக்காக ராத்திரி கண் முழிக்காதீங்க. மதிப்புக் குறையாதவற்றைச் சேருங்க: வாகனங்கள், உடைகள், பட்டங்கள், கதை முடித்த குவெஸ்ட்டுகள். கேம் நாணயத்தைப் பொறுத்தவரை, புது உச்சவரம்பு வருதா, பழைய டோக்கன் மாற்றப்படுதானு பார்த்து முடிவெடுங்க. பையையும் பேங்க்கையும் காலி பண்ணிவெச்சா முதல் நாள் நிம்மதி.

தேதி தள்ளிப்போனா திட்டாதீங்க

ஷேடோலேண்ட்ஸ் 2020 அக்டோபர் 27 எனச் சொல்லி, நவம்பர் 23-க்குத் தள்ளிப்போனது. ஃபைனல் ஃபேன்டஸி 14-ன் 'எண்ட்வாக்கர்' 2021 நவம்பர் 23-ல் வர வேண்டியது. அந்த மாதத் தொடக்கத்தில் யோஷிதா மன்னிப்புக் கேட்டு, தரத்தை மேம்படுத்த இரண்டு வாரம் வேண்டும் என்று அறிவித்தார். டிசம்பர் 7-ல் வெளியான அந்த எக்ஸ்பான்ஷன், அந்த கேமின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்றாகக் கொண்டாடப்படுகிறது.

பிழையோடு வர்ற அப்டேட் என்ன செய்யும்னு தெரியணுமா? 2005 செப்டம்பரில் வார்கிராஃப்ட்டின் ஒரு புது ரெய்டில் பாஸ் தரும் 'கெட்ட ரத்தம்' நோய், வளர்ப்புப் பிராணிகள் வழியா வெளியே தப்பி நகரங்களுக்குள் பரவியது. குறைந்த லெவல் ஆட்கள் கொத்துக்கொத்தாகச் செத்து விழுந்தார்கள். தொற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் அதை வைத்து ஆய்வுக்கட்டுரையே எழுதினார்கள். ஒரு சின்ன ஓட்டை போதும்!

பாடம் இதுதான்: ரிலீஸ் தேதியை நம்பி லீவு போடாதீங்க. முக்கியமா, செமஸ்டர் தேர்வு அந்த வாரத்தில் வந்தா கேம்தான் காத்திருக்கணும். எக்ஸ்பான்ஷன் ஒரு வருஷத்துக்கு மேல அங்கேயேதான் இருக்கும். தேர்வு இருக்காது.

முதல் நாள்: ரேஷன் கடையை மிஞ்சும் க்யூ

எண்ட்வாக்கர் வந்தப்போ லாகின் க்யூவில் பல ஆயிரம் பேர். மணிக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் '2002' என்ற எர்ரர் வந்து வெளியே தள்ளும். உலகளாவிய சிப் தட்டுப்பாட்டால் புது சர்வர்களை வேகமாக வாங்கிச் சேர்க்க முடியவில்லை. ஸ்கொயர் எனிக்ஸ் முதலில் 7 நாள், பின்னர் மேலும் 14 நாள் சந்தாவை இலவசமாகக் கொடுத்தது. ஒரு கட்டத்தில் கேம் விற்பனையையே தற்காலிகமாக நிறுத்தியது. 2014 நவம்பரில் 'வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனார்' வந்தப்போது பிளிசார்டுக்கும் இதே கதை. 5 நாள் இலவசம் கொடுத்துச் சமாளித்தார்கள்.

கூட்டத்தைச் சமாளிக்க மூணு வழி. ஒண்ணு, முன்கூட்டியே டவுன்லோடு செய்யும் வசதி இருந்தா கண்டிப்பா பயன்படுத்துங்க. இரண்டு, எல்லாரும் போகும் முதல் ஏரியாவுக்குப் பதிலா வேறு தொடக்கப் பகுதி இருந்தா அதில் ஆரம்பிங்க. மூணு, நேரத்தைச் சரியாக் கணக்கிடுங்க. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் நேரம் ஒன்றுதான். அமெரிக்காவின் பசிபிக் நேரப்படி காலை 7 மணி என்றால் நமக்கு இரவு 8.30; அவர்களுடைய கோடைக்காலத்தில் 7.30. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கு. அமெரிக்க சர்வரில் விளையாடினா, அவங்க தூங்குற நேரமான நம்ம மதிய வேளையில் கூட்டம் குறையும்.

ஓட்டுப் போட்டு அப்டேட் கொண்டுவரலாம்!

காத்திருப்பதோடு நிற்காம, என்ன வரணும்னு பிளேயர்களே முடிவு செய்யும் கேமும் இருக்கு. 2013-ல் தொடங்கிய 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்'பில் முக்கிய மாற்றங்கள் வாக்கெடுப்புக்குப் போகும். முன்பு 75 சதவிகித ஆதரவு தேவை, இப்போது 70. 'வார்டிங்' என்ற புதுத் திறன் 2019-ல் இந்த வாக்கெடுப்பில் தோற்றது. ஏப்ரல் ஃபூல் ஜோக்காகத் தொடங்கிய 'செய்லிங்' என்ற கப்பலோட்டும் திறனோ, 2015-ல் ஒருமுறை தோற்று, 2023-ல் ஜெயித்து, 2025 நவம்பரில் கேமுக்குள் வந்தே விட்டது. 2018 முதல் இந்த கேமை மொபைலிலும் விளையாடலாம். பி.சி-யில் இருக்கும் அதே அக்கவுன்ட், அதே உலகம்.

உங்க கேமில் ஓட்டு இல்லைன்னா, சோதனை சர்வர் இருக்கானு பாருங்க. அங்கே பிழைகளைக் கண்டுபிடிச்சுச் சொல்றதும் ஒரு வகை ஓட்டுதான்.

மொபைல் கேமர்களே, இது உங்களுக்கு!

ஸ்டோரேஜ்: அப்டேட் ஃபைல் 5 ஜி.பி என்றால் 5 ஜி.பி இடம் போதாது. டவுன்லோடு ஆனதைப் பிரித்து நிறுவவும் இடம் வேணும். இரண்டு மடங்காவது காலியா வெச்சிருங்க. வாட்ஸ்அப் வீடியோக்களை அழிச்சாலே பாதி வேலை முடிஞ்சுடும்.

டேட்டா: ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு ஜி.பி பிளானில் பெரிய அப்டேட்டை ஒரே நாளில் இறக்க முடியாது. வைஃபை இருக்கும் நண்பன் வீட்டை முன்கூட்டியே புக் பண்ணிடுங்க. இல்லைன்னா முன்-டவுன்லோடு திறந்த நாளிலிருந்து தினம் கொஞ்சமா இறக்குங்க.

பணம்: 'கென்ஷின் இம்பாக்ட்' முழுமையான மல்ட்டிபிளேயர் கேம் இல்லைதான். ஆனா, பெரும்பாலும் 42 நாளுக்கு ஒருமுறை புது வெர்ஷன் வருவதால் நல்ல உதாரணம். அதில் ஒரு குலுக்கலுக்கு 160 ப்ரைமோஜெம். 90 குலுக்கலுக்குள் ஒரு 5 ஸ்டார் கேரக்டர் நிச்சயம். ஆனா அது நீங்க கேட்ட கேரக்டராகவே இருக்கணும்னு இல்லை. இல்லாவிட்டா அடுத்த 5 ஸ்டாரில் கட்டாயம் கிடைக்கும். அதாவது, மோசமான பட்சத்தில் 180 குலுக்கல், 28,800 ப்ரைமோஜெம். புது கேரக்டரின் டிரெய்லரைப் பார்த்து 'ஒரு நூறு ரூபாய்தானே'னு ஆரம்பிக்கும் முன்னாடி இந்தக் கணக்கைப் போடுங்க. கையில் இருக்கும் ஜெம் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இல்லைன்னா, இந்த அப்டேட்டை விட்டுட்டு அடுத்ததுக்குச் சேர்த்துவைப்பதுதான் புத்திசாலித்தனம். வெர்ஷனுக்கு முன்னாடி நடக்கும் அறிமுக நேரலையில் தரும் இலவச கோடுகளுக்கு ஆயுள் குறைவு, அன்னைக்கே போட்டுடுங்க. அப்பா, அம்மா கார்டு போனில் சேமிக்கப்பட்டிருந்தா, வாங்கும்போது பாஸ்வேர்டு கேட்கும்படி செட்டிங்ஸை மாத்திவைங்க.

எதிர்பார்ப்புதான் திருடனுக்கு முதலீடு

'பீட்டா டெஸ்டுக்கு நீங்க தேர்வாகியிருக்கீங்க, இங்கே லாகின் பண்ணுங்க' என வரும் மெயில்தான் கேமர்களை ஏமாத்துற பழைய, இன்னும் வேலை செய்யும் வித்தை. அப்டேட் நெருங்க நெருங்க இது அதிகமாகும். மெயிலில் இருக்கும் லிங்க்கைத் தொடாம, கேமின் அதிகாரபூர்வ தளத்துக்கு நீங்களே போய்ப் பாருங்க. 'இரண்டு நாள் முன்னாடியே விளையாடலாம்'னு டெலிகிராமில் சுத்தும் ஏ.பி.கே ஃபைல்கள் பக்கமே போகாதீங்க. வருஷக்கணக்கில் வளர்த்த கேரக்டரோட சேர்த்து போனில் இருக்கும் வங்கி விவரமும் போயிடும்.

இரண்டு அடுக்குப் பாதுகாப்பை இன்னைக்கே ஆன் பண்ணுங்க. வார்கிராஃப்ட்டில் இதைச் செய்தவர்களுக்கு இரட்டைத் தலை நாய்க்குட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். ஃபைனல் ஃபேன்டஸி 14-ல் ஒரு இடத்துக்கு இலவசமாக டெலிபோர்ட் ஆகலாம். பாதுகாப்புக்குப் பாதுகாப்பு, பரிசுக்குப் பரிசு.

எதிர்பார்த்த மாதிரி இல்லைன்னா?

அதுவும் நடக்கும். வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனார் வந்தப்போ வார்கிராஃப்ட்டின் சந்தாதாரர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். 2015 மார்ச் இறுதியில் அது 71 லட்சம். ஜூன் இறுதியில் 56 லட்சம். அந்த நவம்பரில் சந்தா எண்ணிக்கை வெளியிடுவதையே பிளிசார்ட் நிறுத்திவிட்டது. டிரெய்லரும் முதல் வாரமும் பிரமாதம். முடிச்ச பிறகு செய்ய ஒண்ணும் இல்லை என்பதுதான் அப்போது எழுந்த பெரிய புகார்.

அதனால ஒரு வருஷச் சந்தாவை முன்கூட்டியே கட்டாதீங்க. ஒரு மாசம் விளையாடிப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. டீலக்ஸ் எடிஷனில் தரும் வாகனம் மட்டும்தான் உங்களை இழுக்குதுன்னா, சாதாரண எடிஷன் போதும்.

இன்னொரு விஷயம். அப்டேட் வந்தா பழைய நண்பர்கள் திரும்புவாங்க. பலர் ஒரு மாசத்தில் மறுபடியும் காணாமப்போவாங்க. முதல் வாரத்திலேயே உச்ச லெவலைத் தொட்டுட்டு அவங்களுக்காக உட்கார்ந்திருப்பதைவிட, 'சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு எல்லாரும் சேர்ந்து புதுக் கதையை ஆரம்பிப்போம்'னு இப்பவே கில்டு குரூப்பில் ஒரு மெசேஜ் தட்டுங்க. வேலைக்குப் போறவங்க, தேர்வு இருக்கிறவங்க எல்லாரும் வர முடியற நேரமா பாருங்க. புது கண்டம் எங்கேயும் ஓடிப்போகாது. அதைச் சுத்திப் பார்க்க அந்த நாலு பேரும் இருக்காங்களானு மட்டும் பார்த்துக்குங்க!